துலுக்கச் செவ்வந்தியின் வரலாறு

மாரி மழை ஓய்ந்து தைப் பனி இறங்கும் நாள்களில், கிணற்றடிப் பாத்தியிலும் முற்றத்து வேலியோரத்திலும் மஞ்சளும் செம்மஞ்சளுமாகப் பூத்து நிற்கும் ஒரு செடியை அறியாதார் இலர். அதற்கெனத் தனிக் கவனம் எதுவும் வேண்டுவதில்லை. சென்ற ஆண்டு காய்ந்த பூவிலிருந்து உதிர்த்த விதையை மண்ணிலே தூவி, நாலு நாள் தண்ணீர் தெளித்தால் முளை காட்டும். இரண்டு மாதங் கழிந்தால் மொட்டு வைக்கும். ஐந்து ஆறு மாதங்களில் தன் வாழ்வை முடித்துக்கொள்ளும். ஆண்டொருமுறை விதைத்து ஆண்டொருமுறை இழக்க வேண்டிய பூக்கன்று இது. எளிதிற் கிடைப்பதாலோ என்னவோ, ரோசாவுக்கும் மல்லிகைக்கும் உரிய மதிப்பை இதற்கு எவரும் தருவதில்லை.

மதிப்பு இல்லையாயினும் பெயர்களுக்குக் குறைவில்லை. பலர் இதனைச் செவ்வந்தி என்றே சொல்லிவிடுவர். ஆயின் உண்மைச் செவ்வந்தி வேறு. அது சீன தேசத்தில் நெடுங்காலம் பேணி வளர்க்கப்பட்ட பிறிதொரு செடி. இரண்டையும் பிரித்துச் சொல்ல விரும்பியோர் இதனைத் துலுக்கச் செவ்வந்தி என்றனர். தமிழகத்தில் துலுக்கச் சாமந்தி, செண்டுப்பூ, கேந்திப்பூ என்னும் பெயர்களும் வழங்குகின்றன. சிங்கள மக்கள் இதனைத் தாஸ்பெத்தியா, அதாவது ஆயிரம் இதழ்ப் பூ என்பர். ஆங்கிலேயர் மேரிகோல்ட் என்றனர். அதுவும் அவர்கள் நாட்டில் முன்னரே இருந்த வேறொரு மஞ்சள் மலரின் பெயர். புதியதற்கு இரவலாகக் கொடுத்தார்கள். அப்பாலும் திருப்தியடையாமல், உயர்ந்து வளரும் வகையை ஆபிரிக்க மேரிகோல்ட் என்றும் குறுகி வளரும் வகையைப் பிரெஞ்சு மேரிகோல்ட் என்றும் பிரித்தார்கள்.

இது துருக்கியர் நாட்டுப் பூவும் அன்று. ஆபிரிக்கப் பூவும் அன்று. பிரெஞ்சுப் பூவும் அன்று. இதன் பிறந்தகம் மெக்சிக்கோவும் அதனை அடுத்த குவாத்தமாலாவும் ஆகும். அங்கே இதற்கு இட்ட பெயர் செம்போவல்சோச்சித்தில். நாவாத்தில் மொழியில் செம்போவல் என்பது இருபது. சோச்சித்தில் என்பது பூ. நாம் பத்துப் பத்தாக எண்ணுவது போல அம்மக்கள் இருபது இருபதாக எண்ணினர். எனவே இருபது என்பது அவர்களுக்கு நிறைந்த எண். நிறைய இதழ் கொண்ட மலருக்கு அவர்கள் இருபது என்றார்கள். அப்பூவைப் பின்னர் கண்ட சிங்களவர் ஆயிரம் என்றார்கள். ஒருவரையொருவர் அறியாத இரு மக்கள், ஒரு பூவின் முன்னே நின்று ஒரே வகையாக வியந்திருப்பது நினைக்கத்தக்கது.

அசுத்தேக்கர் எனப்படும் அம்மக்களின் தலைநகரான தெனோச்சித்தித்லான், ஏரியின் நடுவே எழுந்த நகரம். அதன் தெற்கே இருந்த ஊர் சோச்சிமில்கோ. பூவயல்கள் உள்ள இடம் என்பது அதன் பொருள். ஏரியின் ஆழமில்லாத பகுதிகளில் கழிகளை நட்டு, சேற்றையும் நீர்ப்பாசியையும் அள்ளி அடுக்கி, நாற்புறமும் வாய்க்கால் சூழ்ந்த நீண்ட மேடைகளை அமைத்தனர். அவற்றுக்குச் சினாம்பா என்று பெயர். நாற்று வளர்க்கும் முறை இன்னும் நுட்பமானது. ஏரிச் சேற்றைத் தட்டையாகப் பரப்பி, அது சற்று இறுகியதும் கத்தியால் சதுரஞ் சதுரமாகக் கீறி, ஒவ்வொரு சதுரத்திலும் ஒரு குழி செய்து விதையிட்டனர். முளைத்தபின் சதுரத்தை மண்ணோடு பெயர்த்து நட்டால் வேர் நோகாது. இக்காலத்து நாற்றுத் தட்டுகளில் செய்வது இதுவே. சோச்சிமில்கோவில் இம்முறை இன்றும் மறையவில்லை.

அரசர் தோட்டங்களோ வேறு அளவின. நகரைக் கைப்பற்ற வந்த எர்னான் கோர்த்தேசு என்னும் ஸ்பானியப் படைத் தலைவர், தம் பேரரசர் ஐந்தாம் சார்ள்சுக்கு எழுதிய மடல்களில் இசுத்தபலாப்பாவின் பூந்தோட்டத்தையும் குவாசுத்தெப்பெக்கின் பெருந்தோட்டத்தையும் புகழ்ந்திருக்கிறார். தாம் அழிக்கப் போகும் நாட்டின் தோட்டத்தைத் தம் கையாலேயே மெச்சி எழுதிய மனிதர் அவர். 1521 ஆம் ஆண்டு ஓகஸ்ட் 13 ஆந் திகதி தெனோச்சித்தித்லான் வீழ்ந்தது. பசியும் பெரியம்மையும் முற்றுகையும் அதன் மக்களை வாரிக்கொண்டன. கோயில்கள் இடிந்தன, ஓவிய ஏடுகள் பல எரிந்தன.

எஞ்சியவற்றைத் திரட்ட முயன்றோரும் இருந்தனர். பெர்னார்தினோ தெ சாகூன் என்னும் பிரான்சிசுக்கன் துறவி, முதிய அசுத்தேக்கர்களைக் கேட்டுக் கேட்டு, நாவாத்தில் மொழியிலும் ஸ்பானிய மொழியிலுமாகப் பன்னிரண்டு புத்தகங்கள் தொகுத்தார். 1577 அளவில் நிறைவுற்ற அத்தொகுதி இத்தாலி நாட்டுப் புளோரன்சு நகர நூலகத்தில் இருக்கிறது. பதினோராம் புத்தகத்தில் நம் பூ வருகிறது. தானாக முளைப்பனவும் உண்டு, தோட்டத்தில் விதைப்பனவும் உண்டு. பெரிதும் அழகும் ஆனவற்றைப் பெண் என்றும், சிறிதும் அழகு குறைந்தும் உள்ளவற்றை ஆண் என்றும் மக்கள் பிரிப்பர் என அது கூறுகிறது. இக்குறிப்பின் பெறுமதி பெரிது. காட்டில் முளைத்த ஒற்றையிதழ்ப் பூ, நிறையிதழ்ப் பூவாக மாறியது ஐரோப்பியர் கையில் அன்று. அவர்கள் வருமுன்னரே, நல்ல பூவைத் தெரிந்து விதையெடுத்து மறுமுறை விதைக்கும் வழக்கம் அங்கே நெடுங்காலம் நடந்திருத்தல் வேண்டும். செய்தவர்களின் பெயர் ஒன்றும் நமக்குக் கிட்டவில்லை.

மற்றொருவர் பிரான்சிசுகோ எர்னாந்தெசு. இரண்டாம் பிலிப்பு மன்னரின் மருத்துவர். 1570 இல் மன்னர் ஆணை பெற்று, மறு ஆண்டு மெக்சிக்கோவில் இறங்கி, 1577 வரை அந்நாட்டில் அலைந்தார். ஏறத்தாழ 3,000 செடிகளை விவரித்து, உள்ளூர் ஓவியரைக் கொண்டு படங்களும் தீட்டுவித்தார். உள்நாட்டுப் பெயர்களை அவர் மாற்றாது எழுதியது அக்காலத்தில் அரிய பண்பு. பெருந்தொகுதிகளாக அவற்றை ஸ்பெயினுக்கு அனுப்பினார். நூல் முழுவதையும் அச்சிற் காணும் பேறு அவருக்கு வாய்க்கவில்லை. 1587 இல் இறந்தார். தொகுதிகள் எசுக்கோரியல் மாளிகை நூலகத்தில் கிடந்தன. 1671 இல் அம்மாளிகையில் மூண்ட தீயில் மூலப் படிகள் எரிந்து போயின. சுருக்கங்களும் பிரதிகளுமே எஞ்சின.

ஆக, மன்னர் ஆணையிட்டு, பொருள் செலவிட்டு, கற்றோர் எழுதிய ஏடு நூறாண்டுகூட நிற்கவில்லை. இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு மேற் சரியாக முளைக்கும் வலுவற்ற ஒரு கறுப்பு விதையோ ஐந்நூறு ஆண்டு நின்றது. ஏடு ஓரிடத்தில் இருந்தது. விதை ஆயிரம் வீட்டில் இருந்தது. ஒவ்வோராண்டும் எவரோ ஒருவர் மறவாமல் விதைத்ததன் பயனே அது. ஓராண்டுச் செடிகளின் வரலாறு இவ்வகையிற் பெருமரங்களின் வரலாற்றுக்கு மாறானது. ஓர் ஆலமரம் கவனிப்பாரின்றி நூறாண்டு நிற்கும். செண்டுப்பூவை ஒரு குடும்பம் இரண்டொரு ஆண்டு மறந்தால், அவ்வீட்டில் அதன் வழி அற்றுவிடும்.

ஐரோப்பாவுக்கு இவ்விதை எவர் கைவழிச் சென்றது என்பதற்குச் சான்று இல்லை. ஆனால் விரைந்து சென்றது. தெனோச்சித்தித்லான் வீழ்ந்து இருபத்தொரு ஆண்டே கழிந்த 1542 இல், ஜேர்மனியரான லியோனாட் பூக்சு பாசல் நகரில் வெளியிட்ட பெரும் மூலிகை நூலில் இதன் படம் இடம்பெற்றுவிட்டது. உழுசாலிலிருந்து தோன்றியதாகப் பழைய இத்தாலியர் கதை கூறும் தாகெசு என்பவரின் பெயரைத் தழுவித் தாகெத்தெசு என்ற பெயரை அவர் இட்டார். 1753 இல் லின்னேயசு என்னும் சுவீடிய அறிஞர் அதனையே நிலைபெறச் செய்தார்.

ஆபிரிக்கப் பெயர் வந்த கதை சுவையானது. 1535 இல் ஐந்தாம் சார்ள்சு வட ஆபிரிக்காவின் தூனிசு நகரை வென்றபோது இம்மலர் அங்கிருந்து கொண்டுவரப்பட்டது என்று ஜோன் ஜெராட் என்னும் ஆங்கிலேயர் 1597 இல் வெளியான தம் நூலில் எழுதினார். கோர்த்தேசு மடல் எழுதியதும் இதே சார்ள்சுக்கே. பூ பிறந்த நாட்டை வென்றதும் அவர் படை. பிறவாத நாட்டை வென்றதும் அவர் படை. பெயரோ இரண்டாவது வெற்றிக்குப் போயிற்று.

கிழக்குக்கு இதனைக் கொணர்ந்தவர் போர்த்துக்கேயர் என்பதே பெரும்பாலோர் கொள்கை. மிளகாய், புகையிலை, அன்னாசி, கொய்யா, பப்பாசி ஆகிய அமெரிக்கப் பயிர்கள் வந்த அதே காலத்தில், அதே கடல்வழியிற் பூவும் வந்திருத்தல் இயல்பு. யாழ்ப்பாணத்துத் தோட்டக்காரர் புகையிலையைத் தம் பரம்பரைப் பயிராக எண்ணிய அளவுக்கு, நம் மாலைகட்டிகளும் இப்பூவைத் தமதாக்கிக் கொண்டனர். கபிலர் குறிஞ்சிப்பாட்டில் தொண்ணூற்றொன்பது பூக்களை அடுக்கிச் சொல்கிறார். இது அவற்றுள் இருக்க இயலாது. பழைய பூசை விதிகள் எழுந்த காலத்திலும் இது இங்கு இல்லை. ஆயினும் இன்று கல்கத்தாவின் துர்க்கை விழாவிலும் நேபாளத்துத் தீபத் திருநாளிலும் தென்னாட்டுக் கலியாணப் பந்தலிலும் இப்பூ இல்லாத மாலை அரிது. எளிதில் வாடாது, இதழ் உதிராது, ஊசிக்கும் நாருக்கும் இசைந்து கொடுக்கும், வறியவர் வாங்கத் தக்க விலையிற் கிடைக்கும். விதி நூலைப் புரட்டிப் பார்த்து எவரும் இதனை ஏற்கவில்லை போலும். முற்றத்திற் பூத்தது, பெண்கள் பறித்துச் சுவாமி படத்துக்கு வைத்தார்கள், அவ்வளவே.

துலுக்க என்னும் அடைமொழியைக் கேட்டு அது இகழ்ச்சி என்று கொள்ள வேண்டியதில்லை. சீமை, பறங்கி, துலுக்க என்பன, புறத்திலிருந்து வந்த பொருளுக்குத் தமிழர் இட்ட முத்திரைகள். கையில் தந்தவரின் பெயரைப் பொருளுக்குச் சூட்டுதல் எங்கும் உள்ள வழக்கு. ஆங்கிலேயரும் அதனையே செய்தனர். பிழை பெயரிலன்று, பெயரைக் கேட்டதும் வரலாறு தெரிந்துவிட்டது என்று அமைவதிலேயே உண்டு.

இப்பூவின் கதையில் அடுத்த பெரிய மாற்றம் ஐக்கிய அமெரிக்காவில் நிகழ்ந்தது. பிலடெல்பியா நகரில் 1876 இல் தொடங்கிய பேர்ப்பி விதைக் கம்பனியை, 1915 இல் தந்தை இறந்தபின் டேவிட் பேர்ப்பி நடத்தினார். மேரிகோல்டை அமெரிக்க வீட்டுத் தோட்டத்தின் முதன்மைப் பூவாக்குவது என்று அவர் உறுதி கொண்டார். இலையின் கடுநெடியே பெருந்தடை. நெடியற்ற இலை கொண்ட பொன்முடி என்னும் வகை 1937 இல் வெளிவந்தது. 1939 இல் ஆபிரிக்க வகையையும் பிரெஞ்சு வகையையும் இணைத்துப் பெற்ற கலப்பு விதையை அவர் கம்பனி விற்பனைக்குக் கொணர்ந்தது.

இக்கலப்பின் தன்மையைச் சற்று நின்று நோக்குதல் நன்று. உயரமான வகையின் உயிரணுவில் 24 நிறமூர்த்தங்கள், குறுவகையில் 48. இரண்டையும் இணைத்தால் பிள்ளைக்கு 36. இது இரட்டைப்படையாக ஒத்துப் பிரிய மாட்டாது. ஆகையால் குதிரைக்கும் கழுதைக்கும் பிறந்த கோவேறு கழுதையைப் போல, இக்கலப்புச் செடி வளம்பெற வளரும். பூவோ விதை தாங்காது. விதை தாங்காததால் ஓயாது பூக்கும். தோட்டக்காரருக்கு மகிழ்ச்சிதான். ஆனால் அடுத்த ஆண்டு மீண்டும் கடைக்குப் போக வேண்டும். விதைக்காரருக்கு அதைவிட மகிழ்ச்சி. விதை தரும் மற்றக் கலப்பு வகைகளிலும், எடுத்த விதை தாயைப் போலப் பூப்பதில்லை.

அதே பேர்ப்பி 1954 இல் இதற்கு நேர்மாறான ஒன்றையும் செய்தார். மஞ்சளும் செம்மஞ்சளும் அன்றி வெள்ளை நிறச் செண்டுப்பூ எவரிடமும் இல்லை. இரண்டரை அங்குல அகலமுள்ள வெள்ளைப் பூத் தரும் விதையை முதலில் அனுப்புவோருக்குப் பதினாயிரம் டொலர் பரிசு என்று அறிவித்தார். விளம்பரத்துக்கே அறிவித்தார் என்பதில் ஐயமில்லை. ஆயினும் அது வீட்டுத் தோட்டக்காரரின் கையில் மீண்டும் விதையைக் கொடுத்தது. ஆண்டுகள் உருண்டன. 1975 இல் அயோவா மாநிலத்துச் சல்லி என்னும் சிற்றூரின் அலிஸ் வோங்க் அம்மையார் அனுப்பிய விதை வெள்ளையாகப் பூத்தது. அவர் ஆராய்ச்சிக்கூடம் எதுவும் வைத்திருக்கவில்லை. ஆண்டுதோறும் பூத்தவற்றுள் வெளிறிய பூவைத் தேர்ந்து, அதன் விதையை மட்டும் எடுத்து, மறு ஆண்டு விதைத்து, மீண்டும் வெளிறியதைத் தேர்ந்தார். சாகூன் தொகுதியிற் பேரின்றி வரும் மெக்சிக்க மக்கள் செய்ததும் இதுவே. பதினாயிரம் டொலர் வந்தமையால் இவர் பெயரை உலகம் அறிந்தது.

இப்பூவையே ஐக்கிய அமெரிக்காவின் தேசிய மலராக்க வேண்டும் என்றும் பேர்ப்பி முயன்றார். எவரெட் டேர்க்சன் என்னும் செனற்றர் அவருக்குத் துணைநின்றார். 1986 இல் அப்பதவி ரோசாவுக்குப் போயிற்று.

விதை எடுக்கும் முறையில் நுட்பம் ஒன்றும் இல்லை. பூ செடியிலேயே காய்ந்து, காம்பும் பழுப்பாகிய பின் கிள்ளி எடுத்து, நிழலில் உலர்த்த வேண்டும். அடிப்பையைக் கிழித்தால் ஊசி போன்ற விதைகள், பாதி கறுப்பும் பாதி வைக்கோல் நிறமுமாகக் கிடைக்கும். நாம் இதழ் என்று சொல்லும் ஒவ்வொன்றும் தனித்தனிப் பூவாதலால், ஒவ்வொன்றின் அடியிலும் ஒரு விதை. தேனீக்களும் வண்ணத்துப்பூச்சிகளும் மகரந்தத்தைக் கலந்து விடுவதால், மிகச் சிறந்த செடியைத் தனியே குறித்து வைத்து அதிலிருந்து மட்டும் எடுத்தல் வேண்டும். பலர் செய்வது மறுதலை. நல்ல பூக்களையெல்லாம் மாலைக்குப் பறித்துவிட்டு, எவருக்கும் வேண்டாது செடியில் நின்றுபோன சிறு பூக்களிலிருந்து விதை எடுப்பர். ஐந்தாறு ஆண்டுக்குள் பூ சிறுத்துவிட்டது என்று மண்ணைக் குறை சொல்வர். மண் என்ன செய்யும்?

இப்பூவின் வேர், மண்ணில் வாழ்ந்து வேரைத் துளைக்கும் நுண்புழுக்களை ஒடுக்கும் ஒரு பொருளை உடையது. தக்காளி, கத்தரி நடுமுன் பாத்தி முழுவதும் இதனை நெருக்கமாகச் சில மாதம் வளர்த்தால் பயன் தெரியும். ஓரத்தில் இரண்டு செடி நட்டால் போதும் என்று எண்ணுதல் வீண்.

மெக்சிக்கோவில் இப்பூவுக்கு இன்றும் தனி நாள்கள் உண்டு. நவம்பர் முதலிரு நாள்களில், இறந்தோர் தம் வீடு தேடி வருவர் என்று அம்மக்கள் நம்புகின்றனர். வீதியிலிருந்து வீட்டுப் படையல் வரை இதன் இதழ்களைப் பாதையாகத் தூவுவர். நிறமும் நெடியும் வழி காட்டும் என்பது நம்பிக்கை. ஸ்பானியர் கொணர்ந்த கிறித்தவ நாளில், ஸ்பானியர் வருமுன் இருந்த பூ குடியேறிவிட்டது. பகல் குறுகத் தொடங்கும் பருவத்தில் மொட்டு வைக்கும் இயல்பு இதன் உயர வகைக்கு உண்டு. எனவே ஆனி, ஆடி மாதங்களில் விதைத்தவை தவறாது அந்நாளுக்குப் பூக்கும்.

அண்மைக் காலத்தில் அந்நாட்டுச் சந்தைகளிலும் பூச்சாடியில் வளர்ந்த குட்டைச் செடிகள் பெருகியுள்ளன. அவற்றுட் பல, பிற நாட்டுக் கம்பனிகள் உண்டாக்கிய கலப்பு விதையிலிருந்து வந்தவை. பூவின் பிறந்தகத்திலேயே பூவின் விதையை விலைக்கு வாங்கும் நிலை. இதனைக் கண்டு கவலையுறும் உழவர் அங்கு உளர். அவர்கள் விழாவுக்கு வெட்டும்போது வயல் முழுவதையும் வெட்டுவதில்லை. பெரிய பூத் தந்த உயரச் செடிகள் சிலவற்றை விட்டுவைக்கின்றனர். விழா முடிந்து, சந்தை கலைந்து, விலை போனபின்னரும் அச்செடிகள் வயலில் நின்று காய்கின்றன. அவற்றின் தலைகளைக் கிள்ளிக் கடதாசிப் பையில் இட்டு, வருகிற ஆனிக்கு என்று எடுத்து வைக்கின்றனர்.